தகட்டின் வெள்ளைப் பக்கம்

என் அண்ணனுக்கு இடது காலில் மூன்று விரல்கள்தான். அவனைப் பற்றிச் சொல்வதென்றால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். மற்றதெல்லாம் அந்தக் காலிலிருந்து கிளம்பியதுதான்.

அவன் லிப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வயதில், ஏழு மாடி அலுவலகம் ஒன்றில், லிப்டுக்குக் கீழே இருக்கும் குழிக்குள் இறங்கி வேலை பார்த்துக்கொண்டிருந்தான். மெயின் சுவிட்சை அணைத்து, 'வேலை நடக்கிறது' என்று ஓர் அட்டையும் மாட்டிவிட்டுத்தான் இறங்கியிருந்தான். அந்தக் கட்டடத்துக் காவலாளி நல்ல மனிதர். மணி இரண்டாகிவிட்டதே, மெக்கானிக் சாப்பிடப் போயிருப்பான், அட்டையை எடுக்க மறந்துவிட்டான் என்று அவராகவே நினைத்துக்கொண்டார். முட்டிவலிக்காரர்கள் இரண்டு பேர் படிக்கட்டைப் பார்த்து மலைத்து நின்றார்கள். பாவமே என்று சுவிட்சைப் போட்டார். அண்ணனுக்கு இரண்டு விரல்கள் போயின. அந்தக் காவலாளி ஆஸ்பத்திரிக்கு வந்து, கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகையைப் பார்த்திருந்தால், விரல் போனது அவருக்கா இவனுக்கா என்று உங்களுக்கே சந்தேகம் வந்திருக்கும்.

அதற்குப் பிறகு அண்ணன் சொந்தமாக ஒரு பூட்டு வாங்கினான். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் சுவிட்சை அணைத்துத் தன் பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் இறங்குவான். "பூட்டினவன்தான் திறக்கணும்" என்பது அவனுக்கு வேதவாக்கு. வீட்டிலும் இதே இம்சைதான். நான் மிக்சியைக் கழுவப் போனால், பிளக்கைப் பிடுங்கி, நான் முடிக்கும்வரை அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். "அண்ணா, அது பாம்பு இல்ல, ஒயரு" என்பேன். சிரிக்க மாட்டான்.

ஆனால் வேலையில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. லிப்டுக்குள் யாராவது மாட்டிக்கொண்டால் மற்ற மெக்கானிக்குகள் நேராக மோட்டார் அறைக்கு ஓடுவார்கள். இவன் முதலில் கதவுக்கு வெளியே உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பான். "நான் இங்கதான் இருக்கேன். எங்கயும் போக மாட்டேன். உங்க பேரு என்ன? காலைல என்ன சாப்பிட்டீங்க?" என்பான். உள்ளே அழுதுகொண்டிருந்தவர்கள் பதில் சொல்லிச் சொல்லியே அடங்கிவிடுவார்கள். என்னிடம் இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசாதவனுக்கு, இரும்புக் கதவைப் பார்த்தால் மட்டும் எங்கிருந்துதான் அவ்வளவு பேச்சு வருமோ.

அண்ணி ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டும் மாஸ்டர். இருநூறு துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரே கோட்டில் வெட்டுகிற வேலை. அரை அங்குலம் பிசகினால் இருநூறு சட்டைக்கும் ஒரு கை குட்டையாகிவிடும். அதனால் அளவு என்பது அவளுக்கு மூச்சு மாதிரி. ஒருநாள் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போனாள். அங்கே பல் டாக்டர் தன் அறை முழுக்கக் குகைகளின் படமாக மாட்டி வைத்திருந்தார். குகைகளுக்குள் போய்ப் பார்த்து வருகிற ஒரு குழுவுக்கு அவர்தான் தலைவர். வாயில் பஞ்சோடு அண்ணி, "இதுக்கெல்லாம் அளவெடுத்து வரைபடம் போட்டிருக்கீங்களா?" என்று கேட்டாளாம். இல்லை என்றாராம். அவ்வளவுதான். பல்லைக் கொடுக்கப் போனவள் குகையை வாங்கிக்கொண்டு வந்தாள்.

மஞ்சள் நிறத்தில் முப்பது மீட்டர் டேப் ஒன்றை அவளே வாங்கினாள். அது எப்போதும் அவள் தோளில் தொங்கும். குழுவில் நாற்பது பேர் இருந்தும் டேப் தூக்கித் திரிகிறவள் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் குகைக்குள் போவது பார்ப்பதற்கு. இவள் போவது அளப்பதற்கு.

அண்ணனுக்கும் போக ஆசைதான். ஆனால் ஈரப் பாறையில் மூன்று விரல் கால் பிடிக்கவில்லை. இரண்டு முறை வழுக்கி விழுந்து தாடையைக் கிழித்துக்கொண்டான். "நீங்க வெளிய இருங்க, வெளியில ஒரு புத்திசாலி வேணும்" என்றார் பல் டாக்டர். இப்படித்தான் அவன் பலகைக்காரன் ஆனான்.

பலகை என்றால் குகை வாசலில் நிறுத்தி வைக்கிற ஒரு சாதாரண மரப்பலகை. அதில் நாற்பது ஆணிகள். ஒவ்வொரு ஆணியிலும் ஒரு அலுமினியத் தகடு, தகட்டில் ஆளின் எண். ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் சிவப்பு. உள்ளே போகிறவர் சிவப்பைத் திருப்பிவிட்டுப் போக வேண்டும், வெளியே வந்ததும் வெள்ளையைத் திருப்ப வேண்டும். பலகையில் ஒரே ஒரு சிவப்பு இருந்தாலும் குகைக்குள் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். தகடுகளை அண்ணனே ஒரு பழைய லிப்டின் உள்தகட்டிலிருந்து வெட்டி, ராவி, சாயமடித்தான். சட்டமும் அவன் போட்டதுதான். அவரவர் தகட்டை அவரவர் கையால்தான் திருப்ப வேண்டும். புருஷன் தகட்டைப் பெண்டாட்டி தொடக்கூடாது, தலைவர் தகட்டைத் தொண்டர் தொடக்கூடாது. இன்னொரு சட்டமும் உண்டு. கூட்டத்தை விட்டுப் பிரிந்துவிட்டால், தனியாக நகரக்கூடாது. இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும். பலகையில் சிவப்பைப் பார்த்து வெளியே இருப்பவர்கள் தேடி வருவார்கள்.

வருடத்துக்கு ஒருமுறை சனி, ஞாயிறு இரண்டு நாள், குழு வழக்கமாகப் போகும் குகை இருக்கும் மலைச் சரிவில் கூடாரம் அடித்து எல்லோரும் கூடுவார்கள். நான் ஓர் அலுவலகத்தில் கேன்டீன் நடத்துகிறேன். நாற்பது பேருக்குச் சமைப்பது எனக்குக் கைவந்த வேலை என்று சொல்லி அண்ணி என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். குகை என்றால் எனக்கு வேப்பங்காய். நல்ல காற்றும் வெளிச்சமும் மேலே இருக்க, மண்ணுக்குள் வயிற்றால் ஊர்ந்து போகிறவர்களை என்ன சொல்வது? பூமிக்குள் போவதற்குத்தான் எல்லோருக்கும் ஒருநாள் வரப்போகிறதே, அதற்குள் என்ன அவசரம் என்று நான் கேட்டபோது, ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஒன்பது பேர் உள்ளே போனார்கள். பல் டாக்டர் தலைமையில் ஐந்து பேர், அதில் அண்ணி ஒருத்தி. ஓணான் தலைமையில் நான்கு பேர். ஓணான் என்பது ஒல்லியாக இருக்கும் ஒரு எலக்ட்ரீஷியன். எந்தச் சுவரிலும் ஏறிவிடுவான், எப்போதும் தலையை ஆட்டிக்கொண்டே பேசுவான், அதனால் அந்தப் பெயர். ஒன்பது தகடுகள் சிவப்பாயின. அண்ணி தன் தகட்டைத் திருப்பிவிட்டு, "மழை வர்ற மாதிரி இருக்கு, உங்க ஸ்வெட்டர் பையில மேலயே இருக்கு" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுக் குனிந்து உள்ளே போனாள்.

பத்து மணிக்குத் தூறல். பதினொரு மணிக்கு வானம் பொத்துக்கொண்டது.

பதினொன்றே காலுக்குப் பல் டாக்டர் வெளியே வந்தார். அவரோடு மூன்று பேர். நால்வரும் தங்கள் தகடுகளைத் திருப்பினார்கள். "உங்க வீட்டுக்காரம்மா கிளை வழியில ஒரு அளவு பாக்கின்னாங்க. பின்னாலயே ஓணான் கூட்டம் வருது, அவங்களோட வந்துடறேன்னு சொன்னாங்க" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு, சமையல் கூடாரத்துக்கு ஓடி வந்தார். நான் அவருக்குச் சூடாக சூப் கொடுத்தேன்.

பதினொன்றரைக்கு ஓணான் கூட்டம் வந்தது. குகையிலிருந்து வருகிறவர்களை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். தலையிலிருந்து கால்வரை ஒரே சேறு. எல்லோருக்கும் ஒரே மாதிரி உடை, ஒரே மாதிரி தலைக்கவசம். பெற்ற தாயே எதிரில் வந்தாலும் அடையாளம் தெரியாது. அதோடு மழை முகத்தில் அறைகிறது. குளிரில் அவர்கள் விரல்கள் விறைத்துப் போய், ஆணியிலிருந்து தகட்டை எடுக்கக்கூட முடியவில்லை. ஒருவர் இரண்டு முறை கீழே போட்டார். அப்போது அண்ணன் அவர்களில் ஒருவர் தோளில் மஞ்சள் டேப்பைப் பார்த்தான். அந்த டேப்பைப் பார்த்த பிறகு அவன் ஏன் முகத்தைப் பார்க்கப் போகிறான், தலையை எண்ணப் போகிறான்?

"போங்க, போங்க. சூடா எதாவது குடிங்க. நான் திருப்பிக்கறேன்" என்றான்.

அவர்கள் ஓடினார்கள். மூன்று விரல் காலோடு பதினேழு வருடம் நடந்தவன், தன் கையால் ஐந்து தகடுகளையும் வெள்ளைக்குத் திருப்பினான். பலகை முழுக்க வெள்ளையானது. உள்ளே யாரும் இல்லை.

டேப்பைக் கொண்டுவந்தவன் ஓணான். கிளை வழி பிரிகிற இடத்தில் அது கிடந்திருக்கிறது. அண்ணி மறந்துவிட்டுப் போய்விட்டாள், பாவம், தேடுவாளே என்று அழகாகச் சுற்றித் தோளில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டான். அண்ணி பல் டாக்டரோடு முன்னாலேயே போய்விட்டாள் என்றுதான் அவன் நினைத்தான். அவளோ டேப்பை அங்கே வைத்துவிட்டு, அந்தக் கிளை வழிக்குள், ஒரு வளைவு தாண்டி, திசைகாட்டியைப் பாறையில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் சொட்டுகிற சத்தத்தில் நாலு பேர் கடந்து போனது அவளுக்குக் கேட்கவில்லை.

இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது நான் உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தேன்.

குகையிலிருந்து வந்ததும் அண்ணிக்குத் தூங்க வேண்டும். அது எல்லோருக்கும் தெரிந்த பழக்கம். உடை மாற்றியதும் சுருண்டு படுத்துவிடுவாள், எழுப்பினால் எரிந்து விழுவாள். பன்னிரண்டு மணிக்கு அண்ணன் என்னிடம் வந்து ஒரு டம்ளர் தேநீர் வாங்கிக்கொண்டு போனான். கூடாரத்தின் ஜிப் முழுக்க மூடியிருந்தது. தூங்குகிறவளை எழுப்ப மனமில்லாமல் டம்ளரை வாசலில் வைத்துவிட்டு, பலகையைக் கழற்றி மழை படாத இடத்தில் சாய்த்து வைக்கப் போய்விட்டான்.

சாப்பாடு தயாராக இரண்டு மணி ஆகிவிட்டது. அங்கே அவரவர் தட்டு அவரவர் கொண்டு வருவது. காலையில் கழுவி என் மேசையில் அடுக்கியிருந்தார்கள். எல்லோரும் எடுத்துக்கொண்டு போன பிறகு, அண்ணியின் நீல விளிம்புத் தட்டு மட்டும் மிச்சம் இருந்தது. மகாராணியை எழுப்பிச் சாப்பிட வைக்கலாம் என்று குடையோடு போனேன். வாசலில் தேநீர் டம்ளர் இருந்தது. மழைத் தண்ணீர் நிரம்பி, தேநீர் நிறமே இல்லாமல் வழிந்துகொண்டிருந்தது. ஜிப்பை இழுத்தேன். காலையில் மடித்து வைத்த போர்வை மடித்தபடியே இருந்தது.

"அண்ணா!" என்று நான் போட்ட சத்தத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்துவிட்டார்கள்.

பல் டாக்டர் ஓணானைப் பார்த்தார். ஓணான் பல் டாக்டரைப் பார்த்தான். "உங்களோட வரலையா?" என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். பிறகு எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். அவன் பலகை இருந்த இடத்துக்கு ஓடினான். அந்தக் கால் ஓடியதை நான் அன்றுதான் பார்த்தேன். அண்ணியின் இருபத்தேழாம் எண் தகடு வெள்ளையாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

பல் டாக்டரும் ஓணானும் உள்ளே போய், அரை மணி நேரத்தில் திரும்பி வந்தார்கள். வாசலிலிருந்து கால் மணி நேரத் தொலைவில் தவளை வாசல் என்று ஓர் இடம். கூரை தாழ்ந்து, தவளை மாதிரி குந்திப் போக வேண்டிய பத்தடி நீளம். அங்கே தண்ணீர் கூரையைத் தொட்டுவிட்டது. மூச்சு விட ஒரு விரல்கடை இடம்கூட இல்லை. அண்ணி அதற்கு அந்தப் பக்கம்.

"நாங்க வர்றப்போ முழங்கால் அளவுதாங்க இருந்துச்சு" என்றான் ஓணான். டேப் இன்னும் அவன் தோளில்தான் இருந்தது. "முழங்கால் அளவுதான்" என்று தலையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டே இருந்தான்.

அவன் சட்டையைப் பிடித்து நான் உலுக்கினேன். "அடுத்தவங்க பொருளத் தொடக்கூடாதுன்னு உங்க வீட்டுல சொல்லித் தரலையா?" என்று கத்தினேன். அவன் குழந்தை மாதிரி அழுதான். கையை எடுத்துவிட்டேன். பல் டாக்டர் சொல்லிவிட்டுத்தான் வந்தார். ஓணான் உதவி செய்தான். அண்ணன் இரக்கப்பட்டான். எனக்கு வந்த கோபத்துக்குத் திட்டுவதற்கு ஒரு கெட்டவன்கூடக் கிடைக்கவில்லை. அந்த நிலைமை யாருக்கும் வரக்கூடாது.

நான்கு மணிக்கு மீட்புப் படை வந்தது. ஆறு பேர், அதில் இரண்டு பேர் தண்ணீருக்குள் மூழ்கிப் போகத் தெரிந்தவர்கள். அவர்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். "தண்ணி சேறா இருக்கு, கைய நீட்டினா கையே தெரியல. இழுப்பும் ஜாஸ்தி. இப்ப இறங்கினா ஒருத்தர எடுக்கறதுக்குப் பதிலா மூணு பேர எடுக்க வேண்டி வரும். மழை நிக்கட்டும், வடியட்டும்" என்றார் படைத் தலைவர். வடிய எவ்வளவு நேரமாகும் என்று கேட்டேன். "அத நான் சொல்ல முடியாதும்மா" என்றார். அவர் மேல் குற்றமில்லை. ஆனாலும் அந்த நேரத்தில் அவரைப் பிடிக்கவில்லை.

மேசையில் குகையின் வரைபடத்தை விரித்தார்கள். அண்ணி வரைந்தது. ஒவ்வொரு வளைவும், ஒவ்வொரு மேடும் அளவோடு இருந்தன. கிளை வழி பிரிகிற இடத்தில் கோடு நின்றுவிட்டது. அதற்கு அப்பால் வெறும் வெள்ளைத் தாள்.

"இந்த இடத்துல மேடு இருக்கா? தண்ணி ஏறினா உக்கார எடம் இருக்கா?" என்று கேட்டார் படைத் தலைவர்.

யாருக்கும் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் அவள் போயிருந்தாள்.

தலைவர் ஒரு நோட்டை எடுத்தார். "அவங்க உள்ள இருக்காங்கன்னு ரெண்டு மணி வரைக்கும் யாருக்குமே தெரியலையா? வாசல்ல கணக்கு வைக்கறதில்லையா?"

அண்ணனைக் காட்டிக்கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. அவனே முன்னால் வந்தான்.

"வைக்கறோம் சார். தகட்ட நான்தான் திருப்பினேன்."

"நீங்க யாரு?"

"அவ வீட்டுக்காரன்."

தலைவர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எத்தன மணிக்கு?" என்று கேட்டார். பதினொன்றரை என்றான். தலைவர் ஓணானிடம் தண்ணீர் எவ்வளவு இருந்தது என்று விசாரித்தார், மழையின் அளவைக் கேட்டார், மனசுக்குள் கூட்டிக் கழித்தார். தவளை வாசல் ஒரு மணி சுமாருக்குத்தான் அடைந்திருக்கும் என்றார். சொல்லியிருக்க வேண்டாம். பதினொன்றரையிலிருந்து ஒரு மணிவரை வழி திறந்திருந்தது, யார் போயிருந்தாலும் கையைப் பிடித்துக் கூட்டி வந்திருக்கலாம் என்பது அங்கே நின்ற ஒவ்வொருவர் மண்டையிலும் ஓடியது. அந்த ஒன்றரை மணி நேரமும் அண்ணன் அந்தச் சரிவில்தான், குகை வாசலுக்குக் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தான்.

அவன் பலகையிடம் போய், அந்தத் தகட்டைச் சிவப்புக்குத் திருப்பக் கையை நீட்டினான். பிறகு கையை இழுத்துக்கொண்டான். அது அவன் தகடு இல்லை.

பிறகு குகைக்குள் போனான். தவளை வாசல்வரை போக யாரும் தடுக்கவில்லை. ஓணான் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு கூட்டிப்போனான். என் வாழ்க்கையிலேயே முதல்முறையாக நானும் பின்னால் போனேன். பயம் எல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. தண்ணீருக்கு முன்னால் அண்ணன் உட்கார்ந்தான். பழுப்பு நிறத் தண்ணீர் பாறையோடு பாறையாக ஒட்டிக்கொண்டு நின்றது.

"நான் இங்கதான் இருக்கேன்" என்று கத்தினான். "எங்கயும் போக மாட்டேன்."

தண்ணீர் இரைச்சலில் பக்கத்தில் நின்ற எனக்கே பாதிதான் கேட்டது. அவனுக்கும் அது தெரியும். இருந்தும் குரல் கம்மிப்போகிறவரை கத்திக்கொண்டிருந்தான். ஆயிரம் பேரைக் கதவு திறந்து வெளியே எடுத்தவன் முன்னால், திறக்கக் கதவே இல்லை. "போதும்ணா" என்றேன். "அவளுக்குக் கேக்கலன்னா?" என்று என்னைத் திருப்பிக் கேட்டான். பேச்சில் என்னை யாரும் மடக்கியதில்லை, அவன் மடக்கிவிட்டான்.

நான் வெளியே வந்து தண்ணீர் கொதிக்க வைத்தேன். அது ஆறியது. மறுபடியும் வைத்தேன். எனக்குத் தெரிந்தது அதுதான். வேண்டாத தெய்வமில்லை. சாமி கும்பிடாத பல் டாக்டர்கூட ஒரு மூலையில் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். மழை விடியற்காலையில் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்குத் தண்ணீருக்கும் கூரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி தெரிந்தது. இரண்டு பேர் போனார்கள். பத்தே காலுக்கு ஒருவர் திரும்பி வந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். நாற்பது பேரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். அண்ணன் மட்டும் நின்ற இடத்தில் நின்றான்.

அண்ணியைத் தூக்குப் படுக்கையில் கொண்டு வந்தார்கள். உதடு நீலமாக இருந்தது, பற்கள் அடித்துக்கொண்டன. ஆனால் கண் தெளிவாக இருந்தது. பலகையைத் தாண்டும்போது, "நில்லுங்க, நில்லுங்க" என்றாள். "தகட்டத் திருப்பணும். இல்லன்னா எங்க வீட்டுக்காரர் கத்துவாரு."

தூக்கி வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். படுக்கையைப் பலகை அருகில் சாய்த்தார்கள். அவள் போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து, இருபத்தேழைத் தொட்டாள். அது வெள்ளையாக இருந்தது.

"யாரு திருப்பினா?" என்று கேட்டாள்.

"நான்" என்றான் அண்ணன்.

"இப்பவா?"

"நேத்து. பதினொன்றரைக்கு. டேப்பப் பாத்தேன். நீ வந்துட்டன்னு நெனச்சேன்."

அவள் அவனைப் பார்த்தாள். கோபமே இல்லை அந்த முகத்தில். கோபம் இருந்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

"டேப்பக் காணோம்னதுமே எனக்குப் புரிஞ்சிடுச்சு" என்றாள் மெதுவாக. "அவங்க தாண்டிப் போயிட்டாங்கன்னு. தனியாவே கெளம்பி வந்திருக்கலாம், வழி தெரியும். ஆனா உங்க சட்டம் ஞாபகம் வந்துச்சு. வாசல்ல என் தகடு சிவப்பா தொங்கும், நீங்க பாப்பீங்க, அரை மணி நேரத்துல ஆள் வந்துடும்னு அங்கயே உக்காந்தேன். தண்ணிச் சத்தம் கேட்டு எழுந்து வந்தப்போ அடைஞ்சு போயிருந்துச்சு. அப்பக்கூட பயமில்லங்க. ராத்திரி பூரா அந்தத் தகடு சிவப்பா இருக்கறதையே நெனச்சுக்கிட்டிருந்தேன்."

அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். படைக்காரர்கள் நேரமாகிறது என்று படுக்கையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். பிறகு வேலைக்குப் போனாள். அண்ணனும் போனான். வீடு பழையபடி ஓடியது. நான் வாரம் ஒருமுறை போய்ப் பார்ப்பேன். இருவரும் சேர்ந்து சாப்பிடுவார்கள், டிவி பார்ப்பார்கள், என் வாய்த்துடுக்கைக் கேட்டுச் சிரிப்பார்கள். அண்ணன் மட்டும் இளைத்துக்கொண்டே போனான். ஒருநாள் அண்ணியைச் சமையலறையில் தனியாகப் பிடித்து, "ஒரு தடவ வாய் வலிக்கத் திட்டிடுங்க அண்ணி. உங்களுக்கும் பாரம் இறங்கும், அவனுக்கும் இறங்கும்" என்றேன்.

"திட்டறதுக்கு என்ன இருக்கு?" என்றாள். "அவரு நல்லதுக்குத்தானே செஞ்சாரு."

அவள் சொன்னது நிஜம். அந்த நிஜத்தை வைத்துக்கொண்டு அவர்கள் இருவரும் ஒன்றும் செய்ய முடியாமல் இருந்தார்கள்.

அடுத்த வருடமும் கூடாரம் அடித்தார்கள். அண்ணன் பலகையை விட்டுவிடுவதாகச் சொன்னான். குழுவில் ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. "இனிமே உங்களவிட ஜாக்கிரதையான ஆள் உலகத்துலயே கெடையாது" என்றார் பல் டாக்டர். அண்ணியும், "நீங்களே உக்காருங்க" என்றாள். அதில் வஞ்சகம் எதுவும் இல்லை. அண்ணன் உட்கார்ந்தான். அவள் அப்படிச் சொன்னதும் பல மாதத்துக்குப் பிறகு அவன் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். தகடுகளுக்குப் புதிதாகச் சாயம் அடித்திருந்தான்.

காலையில் ஏழு பேர் வரிசையாக வந்தார்கள். வெயில் அடித்தது, மேகமே இல்லை. ஒவ்வொருவராகத் தகட்டைச் சிவப்புக்குத் திருப்பிவிட்டு உள்ளே போனார்கள். அண்ணன் ஒவ்வொருவர் முகத்தையும் உற்றுப் பார்த்து நோட்டில் எழுதினான். கடைசியில் அண்ணி வந்தாள். கொதிக்கும் தேநீரை அண்ணனுக்குக் கொடுக்க நானும் அப்போது அங்கேதான் நின்றேன்.

அண்ணி இருபத்தேழை ஆணியிலிருந்து கழற்றினாள். சிவப்புக்குத் திருப்பினாள். திரும்ப மாட்டவில்லை. என்னிடம் வந்து, என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினாள்.

"இத நீ வச்சுக்கோ" என்றாள். "வந்து உங்கிட்ட வாங்கிக்கறேன்."

வாங்கிக்கொள்ளக் கை கூசியது. அவளுக்கு இதில் யாரையும் நோகடிக்கிற எண்ணம் இல்லை என்பது அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. உள்ளே போவதற்கு அவளுக்கு அது வேண்டியிருந்தது, அவ்வளவுதான். தலைவிளக்கைப் போட்டுக்கொண்டு குனிந்து போய்விட்டாள்.

நான் அண்ணன் பக்கம் திரும்பவில்லை. அவன் நோட்டில் ஏழாவது வரியை எழுதுகிற சத்தம் கேட்டது. எழுதி முடித்துவிட்டு, "தகட்டப் பத்திரமா வச்சுக்கோ. அவ கைல தவிர வேற யாருகிட்டயும் குடுக்காத" என்றான். "என்கிட்டயும்தான்."